ராஜ்தூத் 350: இரட்டைக் கார்புரேட்டரும் காற்று புகும் வழியும்

ராஜ்தூத் 350 வண்டியில் சிலிண்டர் இரண்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் இரண்டு, சைலன்சர் இரண்டு. இடது பக்கம் செய்யும் வேலையை வலது பக்கமும் அதே அளவில் செய்தால்தான் அந்த எஞ்சின் தன் உண்மையான குணத்தைக் காட்டும். காட்பாடியில் உறவினர் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, பிறகு என் பொறுப்புக்கு வந்த வண்டியில் இந்தச் சமநிலை முற்றிலும் குலைந்திருந்தது. குளிர்ந்த எஞ்சினை உதைத்தால் கிளம்பும். ஆனால் சூடேறியதும் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், தானாக உயர்ந்துகொண்டே போகும், ஆக்சிலரேட்டரை முழுதும் விட்ட பிறகும் உடனே இறங்காது. கழற்றிப் பார்த்தால் இடது பிளக் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தும், வலது பிளக் கரிபிடித்து ஈரமாகவும் இருந்தன. ஒரே எஞ்சினில் ஒரு பக்கம் பெட்ரோல் போதாமலும் மறுபக்கம் பெட்ரோல் மிகுந்தும் எரிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த வண்டியைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். யமஹா நிறுவனம் 1973-இல் வெளியிட்ட ஆர்.டி. 350 வண்டியின் அடிப்படையில், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இந்தியாவில் கொண்டுவந்தது இது. சிலிண்டரின் விட்டம் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ., கொள்ளளவு 347 சி.சி., கியர் ஆறு. யமஹாவின் மூல வண்டி 39 குதிரைத்திறன் தந்தது. இங்கே முதலில் வந்த எச்.டி. (ஹை டார்க்) வகை 30.5, பெட்ரோல் சிக்கனத்துக்காகப் பின்னர் வந்த எல்.டி. (லோ டார்க்) வகை 27 என்று குறைக்கப்பட்டன. 1980-களின் இறுதியோடு உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் எந்த ராஜ்தூத் 350-ஐ எடுத்துக்கொண்டாலும் அதன் ரப்பர் பாகங்களின் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், அல்லது அவை இடையில் யாரோ மாற்றிய, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாகங்களாக இருக்கும். என் வண்டியில் இந்த இரண்டு வகையும் கலந்தே இருந்தன.

பார்த்தவர்கள் பலர் இரண்டு யோசனைகளைச் சொன்னார்கள். ஒன்று, இரு கார்புரேட்டர்களையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக விற்கும் இரண்டை வாங்கி மாட்டுவது. மற்றொன்று, இரண்டு கிளையாகப் பிரியும் ஒரு குழலைப் பற்றவைத்து ஒற்றைக் கார்புரேட்டரில் ஓட்டுவது. முதல் யோசனையில் செலவு இருக்கிறதே தவிர நோய்க்கான காரணம் கண்டறியப்படுவதில்லை. இரண்டாவதில் இந்த எஞ்சினை வடிவமைத்தவர்களின் நோக்கமே அழிந்துபோகிறது. சைதாப்பேட்டையில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் வண்டியின் சத்தத்தைச் சிறிது நேரம் கேட்டுவிட்டுச் சொன்னதுதான் எனக்குச் சரியெனப் பட்டது. "கார்பரேட்டர முதல்ல தொடாதீங்க தம்பி. காத்து திருட்டுத்தனமா எங்க நுழையுதுன்னு பாருங்க. அது தெரிஞ்சப்புறம் ஜெட்டப் பத்திப் பேசலாம்" என்றார். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு.

அவர் சொன்னதன் காரணம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. இதில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை; கார்புரேட்டர், அதை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பர், ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் மெல்லிய இதழ்களுள்ள ரீட் வால்வு ஆகியவற்றைக் கடந்து, பிஸ்டனுக்கு அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் சென்று, அங்கே அழுத்தப்பட்டு, பிறகே மேலே ஏறுகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையை மெலியச் செய்யும். மெலிந்த கலவை மிகுந்த வெப்பத்தோடு எரிவதோடு, டூ ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெயும் அந்தக் கலவையோடுதான் வருவதால், பிஸ்டன் இறுகுவதற்கும் அதன் தலையில் துளை விழுவதற்கும் அதுவே காரணமாகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் வேலூரில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வெயிலில் இந்த ஆபத்து இன்னும் கூடும். ஆகவே இடது பிளக்கின் வெளுப்பைக் கண்ட பிறகும் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது சரியன்று.

காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினின் இணைப்புகள்மீது பெட்ரோலைத் தெளித்துச் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சூடான சைலன்சருக்கு அருகில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதிலாக, எஞ்சினை நிறுத்தி, அதன் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே சிறிது அழுத்தம் ஏற்றி, சோப்புநீர் தடவிப் பார்ப்பதே பாதுகாப்பானதும் ஐயத்துக்கு இடமில்லாததுமான முறை. இதற்கு ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், அதற்கு மிக மேலே போனால் கிராங்க் தண்டின் முனைகளை அடைக்கும் சீல்களே இடம் பெயரக்கூடும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பின் அளவியில் இவ்வளவு சிறிய அழுத்தத்தைப் படிக்க முடியாது. வேலூர் ஐடா ஸ்கடர் சாலையில், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள மருத்துவக் கருவிக் கடைகளில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர்ப் பந்தும் வட்ட அளவியும் தனித்தனியாகவே கிடைக்கின்றன. அந்த அளவியின் உச்சமான 300 மி.மீ. பாதரசம் என்பது 5.8 பி.எஸ்.ஐ.க்குச் சமம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினைச் சோதிப்பதற்கென்றே செய்ததுபோல் அது பொருந்தியது.

இந்த எஞ்சினில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இரு கிராங்க் அறைகளுக்கும் நடுவில் இருப்பது லேபிரிந்த் எனப்படும் பள்ள வரிகளுள்ள சீல். அது ரப்பரைப் போல் முழுதாக அடைப்பதில்லை. எஞ்சின் ஓடும் வேகத்தில் அது போதுமானதே, ஆனால் நிறுத்தி வைத்துச் சோதிக்கும்போது காற்று மெல்ல மறுபக்கம் கசிந்துவிடும். ஆகவே ஒரு சிலிண்டரை மட்டும் அடைத்துச் சோதித்தால் இல்லாத கோளாறு இருப்பதாகத் தோன்றும். இரண்டு எக்ஸாஸ்ட் வாய்களையும் ரப்பர்த் தகடும் இரும்புப் பட்டையும் வைத்து இறுக்கி, இரண்டு மேனிஃபோல்டு ரப்பர்களிலும் லேத்தில் கடைந்த மரக்கட்டைகளைச் செருகிக் கிளிப் போட்டு, ஒரு கட்டையில் மட்டும் சிறு குழாயைப் பதித்து அதன் வழியே அழுத்தம் ஏற்றினேன். ரீட் வால்வு உள்நோக்கித் திறக்கும் என்பதால் காற்று தானாகவே கிராங்க் அறைக்குள் சென்றுவிடுகிறது.

முள் நிற்காமல் இறங்கியது. சோப்புநீரைத் தூரிகையால் தடவியதும், இடது மேனிஃபோல்டு ரப்பரின் அடிப்பக்கத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. மேலிருந்து பார்த்தால் அந்த ரப்பர் நல்ல நிலையில் இருப்பதாகவே தெரியும். கார்புரேட்டரின் எடை முழுவதும் தொங்குவது அதன் அடிப்பகுதியில்தான் என்பதால், வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. கழற்றி எடுத்து விரலால் வளைத்தபோது வெடிப்பு உள்சுவர் வரை போயிருந்தது. அதே பக்கத்து ரீட் வால்வுக்கு அடியிலுள்ள பேக்கிங்கின் ஓரத்திலும் மெல்லிய கசிவு இருந்தது. ஆல்டர்னேட்டர் பக்கத்துக் கிராங்க் சீலைச் சுற்றிக் குமிழி எதுவும் எழவில்லை. வலது சீல் கிளட்ச் மூடிக்குள் மறைந்திருப்பதால் அதை நேரடியாகப் பார்க்க முடியாது. கியர்பாக்ஸின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாயின் வாயில் சோப்புநீர்ப் படலம் ஒன்றை இட்டு, அது உப்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் அசையாமல் நின்றது. கிராங்கைப் பிரிக்கும் பெரிய வேலை தேவையில்லை என்பது இந்த எளிய சோதனையால் உறுதியானது.

இடது பக்கத்தின் வெளுப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வலது பக்கத்தின் கரிக்குக் காரணம் அந்தக் கார்புரேட்டருக்குள் இருந்தது. இவை மிகுனி வி.எம். வகையைச் சேர்ந்த, வட்டமான ஸ்லைடு மேலும் கீழும் ஏறி இறங்கும் கார்புரேட்டர்கள். மூடியின் திருகுகள் ஜப்பானிய வகைக் குறுக்குவெட்டுத் தலை கொண்டவை. நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் ஸ்க்ரூடிரைவரின் நுனி அவற்றில் அடிவரை அமராமல் வழுக்கித் தலையை மழுக்கிவிடுகிறது. அவற்றுக்குரிய நுனியைத் தேடி வாங்கியது நல்லதாயிற்று. பித்தளை ஜெட்டுகளுக்கும் பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை நுனியே வேண்டும். சிறிய நுனியைக் கொண்டு திருகினால் உதடு பிய்ந்து, ஜெட் உடலோடு நிலைத்துவிடும்.

வி.எம். கார்புரேட்டரில் நாம் சோக் என்று அழைப்பது உண்மையில் காற்றை அடைக்கும் தகடன்று. குளிர்ந்த நேரத்தில் கூடுதல் பெட்ரோல் தருவதற்கென்று தனி வழி ஒன்று உண்டு; அதை ஒரு சிறு பித்தளைத் தண்டு மூடியிருக்கிறது, தண்டின் அடியில் ஒரு ரப்பர் வட்டு பதிந்திருக்கிறது. வலது பக்கத்து வட்டு கல்லாக இறுகி, நடுவில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது. சோக் நெம்பை இறக்கிய பிறகும் அந்தப் பள்ளத்தின் வழியே பெட்ரோல் ஓயாமல் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அத்துடன், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் கூம்பில் தேய்மானக் கோடும் தெரிந்தது. முன்பு இதைக் கையாண்டவர் யாரோ இந்த இரண்டையும் பாராமல், ஐடிலிங்கில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூக்களில் வலதை வெளியே நெடுந்தூரம் திருப்பியும் இடதை ஏறக்குறைய முழுதாக மூடியும் வைத்து, இரண்டு தவறுகளை இரண்டு திருகுகளால் மறைத்திருந்தார். இரட்டைக் கார்புரேட்டர் வண்டியில் இரு ஏர் ஸ்க்ரூகளும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டிருந்தால், ட்யூனிங் கெட்டுவிட்டது என்று எண்ணித் திருகத் தொடங்காமல், பாகம் ஒன்று கெட்டிருக்கிறது என்று எண்ணித் தேடத் தொடங்க வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு லாங் பஜார்ப் பக்கத்து நகைக் கடைக்காரர் ஒருவர் உதவினார். நகைகளின் இடுக்கு அழுக்கை எடுக்க அவர் வைத்திருக்கும் அல்ட்ராசானிக் தொட்டியில், வெந்நீரும் பூந்திக்கொட்டைச் சாறும் கலந்து, கழற்றிய உடல்களையும் ஜெட்டுகளையும் போட்டோம். பழைய பெட்ரோல் காய்ந்து படிந்த அரக்குப் படலம் முன்பே பெட்ரோலில் ஊறவைத்துத் தேய்த்ததால் தளர்ந்திருந்தது. மிச்சம் தொட்டியில் கரைந்தது. எலுமிச்சை உப்பிலோ வினிகரிலோ ஊறவைக்கும் வழக்கத்தை நான் தவிர்த்தேன். இந்த உடல்கள் துத்தநாகக் கலவை வார்ப்பு; அமிலம் அழுக்கை மட்டும் தின்று நிற்காமல் உலோகத்தையும் தின்னும். சுத்தம் முடிந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய முடியாது. ஏர் ஸ்க்ரூ துளையின் வழியே கிளீனரைப் பீய்ச்சினால், ஸ்லைடுக்குக் கீழே உள்ள இரண்டு மிக நுண்ணிய துளைகளிலும் அது ஊசிமுனை போன்ற நேர்த்தாரையாக வெளிவர வேண்டும். இடது உடலில் அவற்றில் ஒன்று அடைபட்டே இருந்தது. மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையால் அதைத் திறந்தேன். எஃகு ஊசியையோ துளையிடும் பிட்டையோ அங்கே நுழைத்தால் துளை பெரிதாகிவிடும், அதன் பின் அந்த உடல் எதற்கும் பயன்படாது.

நகைக் கடைக்காரரின் பூதக்கண்ணாடியும் ஒரு வகையில் பயன்பட்டது. ஸ்லைடில் தொங்கும் ஊசி ஏறி இறங்கும் நீடில் ஜெட்டுக்கு மிகுனி எழுத்தும் எண்ணுமாகக் குறியிடுகிறது: ஓ-0 என்றால் 2.600 மி.மீ., எண் ஒன்று கூடினால் 0.005 மி.மீ. கூடும், அடுத்த எழுத்தான பி-0 என்றால் 2.650 மி.மீ. அதாவது தயாரிப்பாளர் ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்கைத் தனி அளவாகக் கணக்கிடுகிறார். எஞ்சினின் அதிர்வில் ஊசி உரசி உரசி அந்தத் துளை நீள்வட்டமாகும்போது, குறி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், ஓட்டமோ இரண்டு மூன்று அளவு தாண்டியிருக்கும். பூதக்கண்ணாடியில் என் இரண்டு நீடில் ஜெட்டுகளும் நீள்வட்டமாகவே தெரிந்தன. ஊசிகளின் நடுப்பகுதியில் பூச்சு தேய்ந்து பளபளப்பான பட்டை விழுந்திருந்தது. இவற்றை இணையாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக்சிலரேட்டரை முழுதும் திறக்கும்போது பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டுகளில் எண் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது, ஆனால் பித்தளையின் நிறமும் எழுத்தின் வடிவும் வேறாக இருந்தன. மிகுனியின் அறுகோண ஜெட்டின் எண் பெட்ரோல் ஓடும் அளவைக் குறிப்பது. கெய்ஹின் போன்றவை துளையின் விட்டத்தையே எண்ணாக இடுகின்றன. போலியாகச் செய்பவர்களோ எண்ணை மட்டும் நகலெடுக்கிறார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சின் நுனியில் ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் முனையில் ஜெட்டைப் பொருத்தி, ஒரே உயரத்தில் வைத்து, 50 மி.லி. பெட்ரோல் வடிவதற்கு ஆகும் நேரத்தை இரண்டுக்கும் ஒப்பிட்டேன். இந்தச் சோதனை ஜெட்டின் உண்மையான எண்ணைச் சொல்லாது. ஆனால் இரண்டும் ஒன்றா இல்லையா என்பதை ஐயமின்றிச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இல்லை. உதிரிப்பாகத்தை அதன் பெயராலும் எண்ணாலும் நம்பி வாங்காமல் அளந்து வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஜெட்டு, ஊசி, சோக் தண்டின் வட்டு ஆகியவை சென்னை புதுப்பேட்டையில் கிடைத்துவிட்டன. அங்கே ராஜ்தூத் என்று கேட்டால் பெரும்பாலும் 175 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் பாகத்தையே எடுத்துத் தருவார்கள், ஆர்.டி. என்று சொல்ல வேண்டும், எச்.டி.யா எல்.டி.யா என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பாகத்தையே கையில் கொண்டுபோக வேண்டும். பெங்களூரு ஜே.சி. சாலையிலும் இதே நிலைதான். உண்மையான தேடல் மேனிஃபோல்டு ரப்பருக்குத்தான். அலுமினியத் தட்டோடு ரப்பரை ஒன்றாக வார்த்த பாகம் அது. புதுப்பேட்டையில் கிடைத்த பழைய அசல் ரப்பர்கள் அளவில் மிகச் சரியாக இருந்தன, ஆனால் நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுகியிருந்தன. இன்னும் ஓராண்டில் அதே இடத்தில் அவையும் வெடிக்கும். தில்லி கரோல் பாக் பகுதியிலிருந்து வரவழைத்த புதிய நகல் இணை பார்வைக்கு நன்றாக இருந்தது. அதன் உதட்டோரத்திலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டி, வெர்னியரால் அளந்து, மூடிய புட்டியில் பெட்ரோலில் ஓரிரவு ஊறவைத்து மறுபடி அளந்தேன். துணுக்கு வெளிப்படையாக உப்பி, விரலால் பிய்க்கும் அளவுக்கு மென்மையாகிவிட்டது. இயற்கை ரப்பரும் ஈ.பி.டி.எம். ரப்பரும் பெட்ரோலில் இப்படித்தான் ஆகும். பெட்ரோலைத் தாங்குவது நைட்ரைல் ரப்பர், எத்தனால் கலந்ததை இன்னும் நன்றாகத் தாங்குவது வைட்டான். அந்த நகலின் உள்விட்டம் கார்புரேட்டரின் வாயைவிடச் சிறியதாகவும் இருந்ததால், காற்று செல்லும் வழியில் ஒரு படிக்கட்டு உருவாகியிருக்கும்.

ஆம்பூரும் இராணிப்பேட்டையும் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. காலணித் தொழிலுக்கு வேண்டிய ரப்பர்த் தகடுகள் அங்கே பலவகையாகக் கிடைக்கும். அவற்றில் ஒன்றைக் கொண்டு இதைச் செய்துவிடலாம் என்று சிலர் சொன்னதால் மாதிரித் துண்டுகளை வாங்கிவந்து அதே ஊறல் சோதனைக்கு உட்படுத்தினேன். நடப்பதற்கென்று செய்த ரப்பர் எதுவும் பெட்ரோலில் நிற்கவில்லை. ஆனால் ஆம்பூரில் விற்கும் தோல் துளைக்கும் பஞ்சுகள் பேக்கிங் வெட்டுவதற்கு மிகச் சிறந்தவை. அடிக்கட்டையாகத் தடித்த தோலை வைத்து ஒரே அடியில் வெட்டினால், பேக்கிங் காகிதத்தில் பிசிறில்லாத துளை கிடைக்கிறது. ரீட் வால்வுக்கான பேக்கிங்குகளை இரு பக்கத்துக்கும் 0.5 மி.மீ. காகிதத்தில் இந்த முறையில்தான் வெட்டினேன்.

இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையை நாடினேன். பெல் தொழிற்சாலையின் கொதிகலன் துணைக்கருவிகளுக்கு உதிரி வேலை செய்து பழகிய கைகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. அளவு எழுதிய காகிதத்தைக் கொடுத்தால் அதன்படியே வேலை வரும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் இருந்திருக்கிறது. ரீட் வால்வின் மேல் உட்காரும் தட்டை அலுமினியத்தில் வெட்டி, அதில் கார்புரேட்டர் வாயின் அதே உள்விட்டமும் வெளிவிட்டமும் கொண்ட ஒரு குழலைப் பற்றவைக்கச் சொன்னேன். அந்தக் குழலுக்கும் கார்புரேட்டரின் வாய்க்கும் இடையே, துணி இழை உள்ளே பொதிந்த, பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் ஹோஸின் குட்டையான துண்டு ஒன்று இணைப்பாக அமையும். இரு முனையிலும் கிளிப். ஹோஸ் நீளமாக இருந்தால் கார்புரேட்டர் ஆடி, கிண்ணத்திலுள்ள பெட்ரோல் நுரைத்துவிடும். மிகக் குட்டையாக இருந்தால் எஞ்சின் அதிர்வு முழுதும் கார்புரேட்டருக்கு ஏறும். அவ்விரண்டின் முகங்களுக்கு இடையே சிறு இடைவெளி மட்டும் இருக்குமாறும், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கார்புரேட்டர் இருக்கும் பழைய தொலைவு மாறாதவாறும் நீளத்தை முடிவு செய்தோம். பற்றவைத்த சூட்டில் தட்டுகள் சற்றே வளைந்திருந்தன. கண்ணாடிமேல் 400 எண் எமரித் தாளைப் பரப்பி, எட்டு வடிவில் தேய்த்து, தாளின் தடம் தட்டு முழுவதும் ஒரே சீராகத் தெரியும்வரை சமன் செய்தேன்.

ரீட் வால்வுகளை மாற்றத் தேவையில்லை. எஃகு இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஒளிக்கீற்று ஏதும் தெரியவில்லை, ஓரங்களில் பிளவும் இல்லை. இதழின் ஒரு துணுக்கு உடைந்தாலும் அது நேராகக் கிராங்க் அறைக்குள்தான் போகும் என்பதால், ஓரத்தில் மயிரிழை வெடிப்பு கண்டாலும் மாற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு கார்புரேட்டரை மாட்டுமுன் மீண்டும் அதே அழுத்தச் சோதனையைச் செய்தேன். அளவியின் முள் நின்ற இடத்திலேயே நின்றது. இதற்கு அடுத்ததுதான் சமன்படுத்துதல். இந்த வண்டியில் ஆக்சிலரேட்டர் கேபிள் டேங்குக்கு அடியில் மூன்றாகப் பிரிகிறது: இரண்டு கார்புரேட்டர்களுக்கு ஒவ்வொன்று, எண்ணெய்ப் பம்புக்கு ஒன்று. முதலில் ஃப்ளோட்களின் உயரத்தைக் கையேட்டின் அளவுக்கு, இரண்டிலும் ஒன்றாக வைத்தேன். பிறகு இரு ஸ்லைடுகளுக்கு அடியிலும் ஒரே அளவுள்ள டிரில் பிட்டுகளைச் செருகி, ஆக்சிலரேட்டரைத் திருகும்போது இரண்டும் ஒரே கணத்தில் விடுபட்டு விழுமாறு கேபிள் திருகுகளைச் சரிசெய்தேன். ஒன்று முந்தி விழுந்தால் அந்தப் பக்கம் முந்தி இழுக்கிறது என்று பொருள். எண்ணெய்ப் பம்பின் குறியை இதற்குப் பிறகே பொருத்த வேண்டும். கார்புரேட்டர் கேபிளைத் தொட்டால் பம்பையும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும், ஏனெனில் அதில் ஏற்படும் பிழை பிஸ்டனில்தான் வெளிப்படும். ஏர் ஸ்க்ரூக்களை ஒன்றரைச் சுற்றில் தொடங்கினேன். சூடேறிய பின் இரு சைலன்சர்களுக்குப் பின்னாலும் உள்ளங்கையைக் காட்டிப் புகையின் தள்ளல் சமமாகும்வரை ஐடில் திருகுகளைச் சிறுகச் சிறுகத் திருப்பியபோது, ஏர் ஸ்க்ரூக்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று கால் சுற்றுக்குள்ளேயே வந்து நின்றன. முன்பு இருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது எனக்குப் பெரும் மனநிறைவைத் தந்தது.

மெயின் ஜெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023 முதல் பெட்ரோல் நிலையங்களுக்கு வரத் தொடங்கி இப்போது பரவலாகிவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, முழுதாக எரிய வேண்டிய காற்றின் அளவு குறைவு. எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால், இதற்கு 13.5 பங்கு போதும். ஜெட் பழையதாகவே இருந்தால் கலவை தானாகவே மெலிந்துவிடுகிறது. ஆகவே கையேட்டின் எண்ணைவிட ஒருபடி பெரிய மெயின் ஜெட்டுகளை இணையாகப் போட்டு, பள்ளிகொண்டாவை நோக்கிய நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை நன்கு திறந்து ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் எஞ்சினை அணைத்துக் கிளட்ச் பிடித்து ஓரங்கட்டிப் பிளக்குகளைப் பார்த்தேன். இரண்டும் காப்பிப்பொடி நிறத்துக்குச் சற்று வெளுப்பாக இருந்தன. இன்னும் ஒருபடி கூட்டியதும் நிறம் சரியாகியது. அதற்கு மேல் கூட்டினால் உச்ச வேகத்தில் எஞ்சின் திணறியது.

குறைந்த திறப்பில் ஊசியின் நிலையைச் சோதிக்க ஏலகிரி ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை மூடி, வளைந்து, மறுபடி கால்பங்கு திறக்க வேண்டியிருக்கிறது. ஊசியும் நீடில் ஜெட்டும் பொறுப்பேற்கும் பகுதி அதுவேதான். ஊசியைத் தாங்கும் கிளிப் அதன் நடுப் பள்ளத்தில் இருந்தபோது, வளைவிலிருந்து வெளிவரும்போது சிறிய தயக்கம் தெரிந்தது. இரு ஊசிகளையும் ஒரு பள்ளம் உயர்த்தியதும் தயக்கம் நீங்கி, இரு சைலன்சர்களின் ஓசையும் ஒன்றாகச் சேர்ந்து ஏறியது. இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடியதும் ஐடிலிங் உடனே கீழே வந்தது.

இனி எத்தனால் கலந்த பெட்ரோலை இந்த வண்டியில் தேக்கி வைப்பதில்லை. அது ஈரத்தை உறிஞ்சும், நீர் மிகும்போது எத்தனால் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும், கிண்ணத்தின் துத்தநாக வார்ப்பில் வெண்ணிறத் துரு பூக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்த நேர்ந்தால், பெட்ரோல் டேப்பை மூடிக் கிண்ணங்களின் வடிகால் திருகைத் திறந்து காலி செய்துவிடுகிறேன். நைட்ரைல் ஹோஸ் துண்டுகளின் கிளிப்புகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்க வேண்டியிருந்தது; புதிய ரப்பர் சூட்டில் சற்றே அமுங்கும். அதே ஹோஸிலிருந்து வெட்டிய ஒரு துணுக்கைப் பெட்ரோல் புட்டியில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அவ்வப்போது வெர்னியரால் அளந்து குறித்துவருகிறேன், இதுவரை உப்பவில்லை. அது உப்பத் தொடங்கும் நாளில் வண்டியிலுள்ள இரண்டு துண்டுகளையும் சேர்த்தே மாற்றுவதற்காக, வைட்டான் உட்சுவர் கொண்ட ஹோஸுக்கு இராணிப்பேட்டைக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.